கோல்கீப்பருக்குப் பூக் கேட்டது

நான் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் யார் யார் வேலைக்கு வந்தார்கள், எந்தக் காட்டில் பழம் பறித்தார்கள், சாயங்காலம் யாருடைய மூட்டை என்ன எடை நின்றது என்று எழுதி வைப்பதுதான் என் வேலை. ஒருவரை வேலைக்கு எடுக்கவோ, நிறுத்தவோ, சம்பளத்தை ஏற்றவோ எனக்கு அதிகாரம் கிடையாது. அதெல்லாம் மேனேஜர் பாடு. வீட்டிலும் ஏறக்குறைய இதே பதவிதான். என்ன சமைப்பது, யார் கல்யாணத்துக்குப் போவது, எனக்கு என்ன நிறத்தில் சட்டை எடுப்பது என்று எல்லாவற்றையும் என் மனைவி முடிவு செய்வாள். நான் தலையாட்டி மனதில் குறித்துக்கொள்வேன். இப்படிப்பட்ட ஒரு மனிதன் கையில் முழுதாக ஒரு கால்பந்து அணியைத் தூக்கிக் கொடுத்தால் அவனுக்குத் தலைகால் புரியாமல் போகுமா போகாதா? எனக்குப் போனது.

கொடுத்தவள் என் மகள். அப்போது அவள் கல்லூரியில் கடைசி வருடம். தினமும் மலையிறங்கி சேலம் போய்ப் படித்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டு வருவாள். பஸ்ஸில் பொழுது போவதற்காக அவள் போனில் ஒரு கால்பந்து விளையாட்டை வைத்திருந்தாள். ஒரு மழை நாளில் என் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தாள்.

“இதுல நீங்க ஓடி ஆட வேண்டியதே இல்லப்பா. யாருக்கு எவ்வளவு சம்பளம், யார வெச்சுக்கறது, யார அனுப்பறதுன்னு பாக்கோணும். அவ்வளவுதான். உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது” என்றாள்.

அவளுக்கு அது சீக்கிரமே சலித்துவிட்டது. எனக்குச் சலிக்கவில்லை.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் அணிக்கு ஒரு சம்பள வரம்பு உண்டு. ஆட்டக்காரர்கள் அத்தனை பேர் சம்பளத்தையும் கூட்டினால் அந்த வரம்புக்குள் நிற்க வேண்டும். தாண்டினால் அணியைக் களத்தில் இறக்கவே விடாது. ஒவ்வொருவனுக்கும் இத்தனை வருடம் என்று ஒப்பந்தம் இருக்கும். அது முடியப் போகிற நேரம் பார்த்து ஆள் வாயைத் திறப்பான். ஒருத்தனுக்கு ஏற்றிக் கொடுத்தால் இன்னொருத்தன் மேல் கை வைத்தாக வேண்டும். கோல் போடுவதெல்லாம் அப்புறம்தான்.

இதில் நான் ஈவிரக்கமில்லாத முதலாளி ஆகிவிட்டேன். கேட்டதில் பாதிதான் தருவேன் என்பேன். பேச்சுவார்த்தையில் பாதியில் எழுந்து போவேன். போன வருடம் கோப்பை வாங்கிக் கொடுத்தவனை இந்த வருடம் கண்ணீர் விடாமல் விற்பேன். இதே ஆள்தான் சேலத்தில் ஜவுளிக் கடைக்குப் போனால், கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, பையைக் கையில் கொடுத்ததற்காக அவருக்கு நன்றியும் சொல்லிவிட்டு வருகிறவன்.

எங்கள் வீடு கரடியூருக்குப் போகிற வழியில் இருக்கிறது. வீட்டுக்குள் சிக்னல் எட்டாது. கொல்லையில் துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் ஒரு பாறை உண்டு. அதன் மேல் ஏறி நின்றால் எடுக்கும். ஆகவே என் கால்பந்துக் கழகத்தின் தலைமை அலுவலகம் அந்தப் பாறைதான். பனியிலும் சாரலிலும் குரங்குக் குல்லாவைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் குடையும் மறு கையில் போனுமாக நின்று, உலகத்தின் ஏதோ மூலையில் இருக்கிற ஆட்டக்காரர்களை மிரட்டிக்கொண்டிருப்பேன்.

எதிரணி முதலாளி என் பள்ளிக்கூட நண்பர். ஏரிக்கரைப் பக்கம் மிளகும் ஏலக்காயும் பட்டையும் விற்கும் கடை அவருடையது. நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை ரைட்டரே என்பார். வெளியூர்க்காரர்கள் ஏலக்காய்ப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேட்டு நிற்க, அவர் குனிந்த தலை நிமிராமல் தன் அணியில் இடது ஓரம் ஓடுகிற விங்கரின் சம்பளத்தை யோசித்துக்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். என்னைவிட மோசமாக ஒருவர் இருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இந்தப் பைத்தியம் ஒருமுறை எஸ்டேட் வரைக்கும் போய்விட்டது. பழம் எடை போட்டுக்கொண்டே நான் வாய்விட்டு யோசித்திருக்கிறேன். மறுநாள் காலையில் ஸ்டோர் வாசலில் பழம் பறிக்கிற பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அவர்களில் மூத்தவர் முன்னால் வந்தார்.

“ஏனுங்க ரைட்டரே, வயசானவங்களையெல்லாம் கழிச்சு உட்றாங்களாமா?”

“யாருங்க சொன்னது?”

“நீங்கதானுங்க நேத்துச் சொன்னீங்களாம். முப்பது தாண்டிட்டாலே இனி ஒரு வருசத்துக்கு மேல கெடையாது, வேகம் கொறஞ்சு போச்சுன்னீங்களாம். எங்கள்ல முப்பதுக்குக் கீழ யாருங்க இருக்கறா?”

அது கால்பந்து ஆடுகிறவர்களுக்கு என்று விளக்கினேன். போனை எடுத்துக் காட்டினேன். அந்தம்மா அதை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“இவுங்களுக்கெல்லாம் நீங்க எதுக்குங்க சம்பளம் போடறீங்க?” என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அசடு வழிந்தது. விஷயம் மேனேஜர் காதுக்கும் போய், எடை போடும் இடத்தில் போனை வெளியே எடுக்கக்கூடாது என்று உத்தரவானது.

இனி கோல்கீப்பர் கதைக்கு வருகிறேன். என் அணியிலேயே எனக்குப் பிடித்த ஆள் அவன்தான். முன்மண்டை என்னுடையதைப் போலவே ஏறியிருக்கும். முப்பத்துநாலு வயது. பாயின் அணி அடித்த பெனால்டியை அவன் பாய்ந்து பிடித்த அன்றைக்கு நானும் பாறை மேல் பாய்ந்து, பாசியில் வழுக்கி, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். மனைவியிடம் கொடி அறுந்துவிட்டது என்று சொன்னேன். அவள் போய்ப் பார்த்தாள். கொடி நன்றாக இருந்தது.

இந்த மார்ச் மாதம் அவனுடைய ஒப்பந்தம் முடிகிற கட்டத்துக்கு வந்தது. இன்னும் மூன்று வருடம் வேண்டும், சம்பளமும் ஏற வேண்டும் என்றான். கொடுத்தால் வரம்பு உடைந்துவிடும். அதைச் சரிக்கட்ட, நன்றாக ஓடுகிற ஒரு இளவட்டத்தை அனுப்பியாக வேண்டும். கொடுக்காவிட்டால் இவன் சும்மா கிளம்பிப் போய்விடுவான். பாய் அணியில் இடம் காலியாக இருந்தது.

“ரைட்டரே, அவன உட்டுருங்க. நான் வெச்சுக் காப்பாத்திக்கறனுங்க” என்று பாய் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்.

அந்த வாரக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதே வாரம்தான் மகளுக்கு வேலை வந்தது. புனேயில் ஒரு கம்பெனி. திங்கட்கிழமைக்குள் வருகிறேன், வரவில்லை என்று பதில் சொல்ல வேண்டுமாம். அவள் சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருக்க மிகவும் பாடுபட்டாள். சேலம், அதற்கு மேல் கோயம்புத்தூர் என்றால் நாங்கள் இருவருமே யோசித்திருக்க மாட்டோம். புனே எங்கள் இருவருக்கும் எந்தத் திசை என்றுகூடச் சரியாகத் தெரியாத ஊர். அவள் ஒரே பிள்ளை.

எப்போதும் எல்லாவற்றுக்கும் முடிவு சொல்கிற என் மனைவி, இதற்கு மட்டும் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை சாப்பாடு போடும்போது, “ஏனுங்க, ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப் போடலாமுங்க” என்றாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம், கிணறு, வீடு எதுவானாலும் மனம் ரெண்டாக நின்றால் மாரியம்மன் கோயிலில் பூக் கேட்பார்கள். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. இரண்டையும் இலையில் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, குலுக்கி, அம்மன் காலடியில் போட்டு, பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் உத்தரவு இல்லை. கேட்க வேண்டியதை வீட்டு ஆண் மனதுக்குள்ளேயே கேட்க வேண்டும், வாயைத் திறக்கக்கூடாது. வீட்டில் எனக்கென்று இருக்கிற ஒரே அதிகாரம் இதுதான் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு நானும் மனைவியும் போனோம். மகள் வரவில்லை. பூசாரி எனக்குப் பங்காளி முறை. பொட்டலங்களைத் தட்டில் போட்டுக்கொண்டே, “மனசுல ஒண்ணே ஒண்ணு நெனச்சுக்குங்க. ரெண்டுங்கெட்டானா நெனைக்காதீங்க” என்றார்.

கண்ணை மூடினேன். ஆத்தா, எம்புள்ள புனேக்குப் போலாமா என்று கேட்கத்தான் கண்ணை மூடினேன், சத்தியமாக. மகள் பெயர் நெஞ்சு வரைக்கும் வந்தது. அப்போது, வெள்ளை வந்துவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பும் கூடவே வந்தது. வெள்ளை வந்தால் அவள் போய்விடுவாள். சாயங்கால பஸ் வரும், அதிலிருந்து யார் யாரோ இறங்குவார்கள், அவள் இறங்கமாட்டாள். மேற்கொண்டு கேட்க முடியவில்லை. ஆனால் பூசாரி தட்டைக் குலுக்கிக்கொண்டிருந்தார், எதையாவது கேட்டாக வேண்டும். அந்த நேரம் பார்த்து என் மனதில் வரிசையில் நின்ற அடுத்த ஆள், முன்மண்டை ஏறிய அந்தக் கோல்கீப்பர்.

ஆத்தா, அவனுக்கு மூணு வருசம் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டேன்.

சிவப்பு வந்தது.

ஒரு நொடி எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வரம்பு தப்பியது என்று நினைத்தேன். பிறகு திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் கண்களை அகல விரித்துக்கொண்டு அந்தச் சிவப்பு அரளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நான் செய்து வைத்த காரியம் எனக்கு உறைத்தது.

“உத்தரவு இல்லீங்க. அமாவாசை கழியற வரைக்கும் உங்க ஊட்டுக்குன்னு மறுபடியும் எதுவும் கேக்கக் கூடாதுங்க” என்றார் பூசாரி.

“சரிங்க சாமி” என்றாள் என் மனைவி. திருநீற்றை வாங்கி, மகளுக்கென்று கொஞ்சம் இலையில் மடித்துக்கொண்டாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்றுதான் நடந்தேன். வளைவில் நிற்கிற சில்வர் ஓக் மரம் வரட்டும் சொல்லலாம் என்று நினைத்தேன், அது வந்து போனது. தண்ணீர்த் தொட்டி வரட்டும் என்றேன், அதுவும் போனது. என்ன சொல்வது? ஊரெல்லாம் பிள்ளைக்காகக் கேட்கிற இடத்தில், நான் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு பந்து பிடிக்கிறவனுக்காகக் கேட்டேன் என்று எப்படிச் சொல்வது? மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பிள்ளை பக்கத்திலேயே இருப்பாள் என்ற நிம்மதியா, அவள் ஆசை போச்சே என்ற வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் பயம்.

மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். “என்னம்மா வந்துச்சு?”

“செவப்பு கண்ணு.”

“சரிம்மா” என்றாள். உள்ளே போய், ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணிகளை உதறி மறுபடியும் மடிக்க ஆரம்பித்தாள். நான் அந்த அறை வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தேன். அவள் நிமிர்ந்தாள். “மழ வரும் போல இருக்குது” என்றேன். வானம் பளிச்சென்று இருந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாயங்காலம் பாறை மேல் ஏறி, கோல்கீப்பரை விடுவித்துவிட்டேன். ஆத்தா வேண்டாம் என்று சொன்ன பிறகு அவனுக்கு ஒப்பந்தம் நீட்டிக்க எனக்குத் தைரியம் இல்லை. என் பக்தி அப்படி. பெற்ற மகளைப் பற்றி அம்மன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது உலகத்தில் எனக்கு மட்டுமே தெரியும், அதைச் சொல்ல வாய் வரவில்லை. கோல்கீப்பர் விஷயத்தில் மட்டும் அம்மன் வாக்கை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினேன்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். இதை யாரும் நம்ப வேண்டாம், நானே நம்பவில்லை. காலையில் பாய் கூப்பிட்டார். போன் ஒருமுறை முனகிவிட்டு, சிக்னல் போய் அடங்கியது. பாறைக்கு ஓடி நான் திரும்பக் கூப்பிட்டேன்.

“ரைட்டரே, நெசமாலுமே உட்டுட்டீங்களா? நான் புடிச்சுப் போட்டுட்டனுங்க. அப்பறம் வந்து அழுவக்கூடாது!”

“அழுவறதுக்கு என்ன இருக்குது பாய். ஆத்தாகிட்டயே பூக் கேட்டாச்சு. செவப்பு வந்துருச்சு.”

“என்னது? கோல்கீப்பருக்கா பூக் கேட்டீங்க?”

“ஆமாம் பாய், நேத்துக் காலைல. வேண்டாம்னுட்டா ஆத்தா.”

சிக்னல் சரியாக எடுக்காததால் இருவருமே கத்தித்தான் பேசிக்கொண்டிருந்தோம். கொடியில் ஒரு ஈரப் போர்வை தொங்கிக்கொண்டிருந்தது. அது ஓரமாக விலகியது. அந்தப் பக்கம் என் மனைவி நின்றிருந்தாள், கையில் துணிக் கூடை. அவளுக்குப் பின்னால் சமையற்கட்டு வாசலில் மகள்.

நான் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டேன். போட்ட பிறகும் கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

“ஏனுங்க” என்றாள் என் மனைவி. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டாள். “அப்ப, ஆத்தா வேண்டாம்னது அவனையா?”

“ஆமா.”

“நம்ம புள்ளயப் பத்தி நீங்க கேக்கவே இல்லியா?”

“இல்ல.”

அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கோயில் இருக்கிற பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கும் சேர்த்துத்தான் போட்டுக்கொண்டாள் என்று நினைக்கிறேன், நிறைய நேரம் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏன்?”

விளையாட்டு மும்முரத்தில் மறந்துபோனேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், என்னைப் பற்றி அவளுடைய அபிப்பிராயம் அப்படி. ஆனால் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெள்ள வந்துருமோன்னு பயமா இருந்துச்சு புள்ள. அவ போறது எனக்குப் புடிக்கல. இந்த ஊட்டுல அவ இல்லாம நான் என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியல. அதான் கேக்கல.”

பாறை மேல் நின்றுகொண்டு, கழுத்தில் குரங்குக் குல்லா தொங்க, இதைச் சொன்னேன். மனைவி முகத்தில் கோபம் குறைந்திருந்தது.

“மொதல்ல எறங்குங்க” என்றாள். இறங்கினேன். “அமாவாசைக்கு நாள் கெடக்குது. திங்கக்கெழம அவ பதில் சொல்லோணும். இனிப் பூவும் இல்ல, ஒண்ணும் இல்ல. எதுனாலும் நீயே சொல்லுன்னு சொல்லிச் சொல்லியே இத்தன வருசத்தத் தள்ளிட்டீங்க. இத நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க, அவ போலாமா, வேண்டாமா?”

எத்தனையோ பேரை வாங்கி எத்தனையோ பேரை அனுப்பியவன் நான். கோல்கீப்பரைத் தவிர யாருக்காகவும் ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை. அன்றைக்குப் பையிலிருந்த போனைத் தடவிக்கொண்டு நின்றேன். மகள் வாசற்படியை விட்டு இறங்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. சொன்னால் இருந்துவிடுவாள் என்றும் நினைத்தேன்.

“போகட்டும்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும், “நீ போ கண்ணு” என்றேன்.

அவள் கொல்லைக்கு இறங்கி வந்து என் எதிரே நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“வர்றேன்னு கம்பெனிக்கு நான் புதன்கெழமையே பதில் அனுப்பிட்டேன்ப்பா” என்றாள்.

மனைவி வாயில் கை வைத்தாள். “பூக் கேக்கப் போறதுக்கு முந்தியேவா?”

“ஆமாம்மா.”

“செவப்பு வந்துருச்சுன்னு வந்து சொன்னப்பக்கூட நீ வாயத் தொறக்கலியே சாமி!”

“ஆத்தா சொன்னா ஒரு தேங்கா ஒடச்சுச் சமாதானம் பண்ணிக்கலாம்மா” என்றாள் மகள். “அப்பா வேண்டாம்னு சொல்லியிருந்தா என்னால போயிருக்க முடியாது. அதுக்குத்தான் பயந்துட்டு இருந்தேன்.”

என் பேச்சை இந்த வீட்டில் யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை என்று இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருந்தவன் நான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மனைவி கொடியில் தொங்கிய போர்வையின் நுனியை இழுத்து என் முகத்தில் கொடுத்தாள். நான் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் மகள் பக்கம் திரும்பி, “அங்க வெயிலு நொம்ப அடிக்குமா கண்ணு?” என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.